ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம்

பெண்கள் ஆசையாகச் சேர்த்து வைக்கும் சாமான்கள் என்றால் புடவை, நகை, பீங்கான் கோப்பை, எவர்சில்வர் பாத்திரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் சேர்ப்பது இசைத்தட்டு. அதிலும் ஜாஸ் இசைத்தட்டு! இதைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஜாஸா? அந்த டமடம, பீப்பீ சமாசாரமா? அதைப் போய் எப்படித்தான் கேட்கறியோ!" என்பார்கள்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். சங்கீதம் முறையாகக் கற்றுக்கொண்டதில்லை. திருச்சி பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தேன். அப்பாவுக்கு நாயனம் என்றால் உயிர். உற்சவ நாட்களில் சுவாமி புறப்பாட்டோடு மணிக்கணக்கில் நடப்பார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே நடந்ததுதான் எனக்குக் கிடைத்த சங்கீதப் படிப்பு.

கல்யாணமாகி 2004-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸிக்கு வந்தேன். இவருக்கு வேலை இருந்தது. எனக்குக் கிடைத்த விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. காலையில் இவரும், பிறகு பையனும் கிளம்பிப் போனதும் வீடு 'கப்சிப்' என்று ஆகிவிடும். ஊரில் என்றால் கீரைக்காரம்மாவின் குரலாவது கேட்கும். இங்கே குளிர்காலத்தில் ஜன்னலையும் சாத்திவிட்டால் ஃப்ரிஜ்ஜின் உறுமல்தான் துணை. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், நான் பார்க்க மாட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், நான் கேட்க மாட்டேன். கையில் ஒரு வேலை, மனசில் ஒரு கவலை. நம்மைப் போன்றவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டுமா, என்ன?

இப்படி இருந்த எனக்கு, 'சும்மா உட்கார், உட்கார்ந்து கேள்' என்று கற்றுக் கொடுத்தவை இந்தக் கறுப்புத் தட்டுகள்தாம்.

ஒரு டாலர் பெட்டி

2011-இல் எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தக விற்பனை நடந்தது. பையனுக்குப் படக்கதை வாங்கப் போன இடத்தில், மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய எல்.பி. ரெக்கார்டுகள். ஒன்று ஒரு டாலர். அட்டையில் வட்டமும் கோடுமாக, பல வர்ணங்களில், பார்க்கக் கோலம் போல் இருந்த ஒன்றை எடுத்தேன்.

"நம்மகிட்ட பிளேயரே இல்லையே?" என்றார் இவர்.

"அட்டை அழகா இருக்குங்க. சுவத்துல மாட்டலாம்" என்றேன்.

அடுத்த மாதமே, பக்கத்துத் தெருவில் வீடு காலி செய்தவர்கள் வாசலில் பரப்பி விற்ற சாமான்களுக்கு நடுவே ஒரு ரெக்கார்ட் பிளேயர் பதினைந்து டாலருக்குக் கிடைத்தது. ஊசியை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டோம்.

அந்தத் தட்டு, டேவ் ப்ரூபெக் என்ற பியானோக்காரரின் குழு வாசித்த 'டைம் அவுட்'. 1959-இல் வந்தது. அதன் விசேஷம் என்ன தெரியுமா? ஜாஸ் பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில்தான் நடக்கும். ப்ரூபெக் 1958-இல் தம் குழுவோடு துருக்கி, இந்தியா என்று பல நாடுகளைச் சுற்றினார். நம் சென்னையிலும் வாசித்தார். துருக்கியில் தெருவில் வாசித்தவர்களிடம் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, அந்தத் தட்டின் முதல் உருப்படியை அமைத்திருக்கிறார்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குக் கண்டுபிடித்தவன் எங்கள் பையன். அப்போதுதான் மிருதங்க வகுப்பில் சேர்ந்திருந்தான். தொடையில் தட்டிக்கொண்டே, "அம்மா, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, மூணு... ஒன்பது வருதும்மா!" என்று கத்தினான். அதே பக்கத்தில் மூன்றாவதாக 'டேக் ஃபைவ்' வந்தது. "இது அஞ்சு!" என்றான். மூன்றும் இரண்டுமாக ஐந்து. நம் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்நிய சங்கீதம் என்று நினைத்தது, விரல் விட்டு எண்ணுகிற தூரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

'டேக் ஃபைவ்' மெட்டைப் போட்டவர் அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். 1977-இல் அவர் இறந்தபோது, அந்தப் பாட்டினால் வரும் வருமானத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரு மெட்டு எத்தனை பேருக்கு மருந்தும் உதவியுமாகப் போயிருக்கிறது, பாருங்கள்!

எல்லார் வீட்டிலும் சாம்பார்தான்

ஜாஸ் பிறந்த ஊர் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கொட்டடித்து ஆட அனுமதிக்கப்பட்ட இடம் ஒன்று அங்கே உண்டு. காங்கோ சதுக்கம் என்று பெயர். அந்தக் கொட்டு, உழைக்கும்போது பாடிய பாட்டு, சர்ச்சில் பாடிய பாட்டு, தெருவில் போகும் பாண்டு வாத்தியம் எல்லாம் கலந்து, 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜாஸாகத் திரண்டது. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-இல் வந்தது. வாசித்தது ஒரு வெள்ளைக்காரக் குழு! கறுப்பர்களான கிங் ஆலிவர் குழுவினரின் தட்டுகள் 1923-இல்தான் வந்தன. பெற்றவளுக்குப் பிறகுதான் பெயர் கிடைத்தது.

கேட்கிற முறையும் நமக்குப் புதிதல்ல. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் அடிப்படையில் தம் கற்பனையை ஓட விடுவார்கள். கடைசியில் சேர்ந்து மெட்டுக்குத் திரும்புவார்கள். நம் நிரவலும் கல்பனா ஸ்வரமும்தான் ஞாபகத்துக்கு வரும். டிரம்ஸ்காரரும் மற்றவர்களும் நாலு நாலு ஆவர்த்தனமாக மாறி மாறி வாசிக்கும்போது, மிருதங்கமும் கடமும் போட்டி போடுவது போலவே இருக்கும்.

சேர்ப்பதில் உள்ள சந்தோஷமும் இதில்தான் இருக்கிறது. ஒரே பாட்டைப் பல பேர் வாசித்திருப்பார்கள். சாம்பார் எல்லார் வீட்டிலும் சாம்பார்தான், கைப்பக்குவம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு இல்லையா? 'ஸம்மர்டைம்' என்று ஒரு பாட்டு. 1935-இல் வந்த ஓர் இசை நாடகத்துக்காக ஜார்ஜ் கெர்ஷ்வின் அமைத்த தாலாட்டு அது. பில்லி ஹாலிடே 1936-இல் பாடிய தட்டில் அது சற்று மிடுக்காக நடக்கும். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடியதில், பட்டுத் துணியும் கோணிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாற்போல இரண்டு குரல்கள். மைல்ஸ் டேவிஸ் 1958-இல் டிரம்பெட்டில் வாசித்ததில் குழந்தை தூங்கிவிட்டதோ என்று நாமும் மூச்சை அடக்கிக்கொள்வோம். ஜான் கோல்ட்ரேன் வாசித்ததைக் கேட்டால் தூங்கின குழந்தையும் எழுந்துவிடும்! என் மகள் பிறந்த வருஷம் இந்த நாலு தட்டுகளும் எங்கள் வீட்டுத் தூளிப் பாட்டாக இருந்தன.

ஒருமுறை மாமியார் வந்திருந்தார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் கரகரக் குரலைக் கேட்டுவிட்டு, "பாவம், தொண்டை கட்டியிருக்கு போலிருக்கே! மிளகுப் பால் காய்ச்சிக் குடுக்க யாருமில்லையா?" என்றார். ஆனால் ஊருக்குத் திரும்புவதற்குள், "அந்த மிளகுப் பால்காரர் தட்டைப் போடேம்மா" என்று அவரே கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

மூன்று நிமிஷமும் இருபது நிமிஷமும்

பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் பாட்டு. அந்தத் தட்டுகளைச் செய்ய உபயோகித்த முக்கியமான பொருள் எது தெரியுமோ? அரக்கு! நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சிகள் உண்டாக்கும் அந்த அரக்குத்தான் கப்பலேறிப் போய் அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பாட்டாகச் சுழன்றிருக்கிறது. 1948-இல் எல்.பி. வந்தது. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றுதான். ஆகவே ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேலும் பதியலாம். வாத்தியக்காரர்களும் சாவகாசமாகக் கற்பனையை விரிக்க இடம் கிடைத்தது.

எனக்கும் கிடைத்தது! ஃபோனில் ஓடும் பாட்டுக்கு முடிவே கிடையாது. அதனால் நாமும் அதைக் கேட்பதில்லை. தட்டு அப்படியில்லை. எழுந்து போய் எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஊசியை வைக்க வேண்டும். இருபது நிமிஷத்தில் நின்றுவிடும். மறுபடி எழுந்து போய்த் திருப்ப வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டுப் போட்ட பிறகு கேட்காமல் இருக்க மனசு வருமா? எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்: 'ஒரு பக்கம் முடிகிற வரை அம்மாவைக் கூப்பிடக் கூடாது. வீடு பற்றி எரிந்தால் மட்டும் கூப்பிடலாம்.' முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இருபத்து நாலு மணி நேரத்தில் இருபது நிமிஷம் நமக்கென்று கேட்டு வாங்கிக்கொள்வது பெரிய பேராசையா, சொல்லுங்கள்!

பணம் விஷயத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாதத்துக்கு ஒரு தட்டு, ஐந்து டாலருக்குள். மளிகைக் கடைக் கூப்பனில் மிச்சம் பிடிப்பதுதான் அந்தப் பணம். இதுவரை நூற்று நாற்பது சொச்சம் சேர்ந்திருக்கிறது. சில தட்டுகளின் முதல் பதிப்புகளுக்கு நூற்றுக்கணக்கில், ஏன், ஆயிரக்கணக்கில்கூட டாலர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். ஆனால் அவர்கள் பார்க்கிற அடையாளங்களைத் தெரிந்துகொள்வது ஒரு ருசிதான்.

உதாரணமாக, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வழுவழு வளையத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால், சில தட்டுகளில் 'ஆர்.வி.ஜி.' என்று முத்திரை இருக்கும். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் அடையாளம் அது. தொழில்முறையில் அவர் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். எங்கள் மாநிலத்திலேயே ஹாக்கன்ஸாக் என்ற ஊரில், தம் அப்பா அம்மா வீட்டு ஹாலில்தான் 1950-களின் எத்தனையோ பெரிய ஜாஸ் தட்டுகளைப் பதிவு செய்தார்! 1959-இல்தான் தனி ஸ்டூடியோவுக்குப் போனார். அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தேன். ஹாலில் டிரம்ஸும் சாக்ஸபோனும் முழங்க, உள்ளே அடுப்பில் என்ன காய்ந்துகொண்டிருந்ததோ!

இன்னொரு சுவாரசியம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-இல் வந்த மிகப் பிரபலமான தட்டு. பதிவு செய்த முதல் நாளன்று டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கம் சுருதி ஓர் இழை ஏறியே ஒலித்தது. 1992-இல் வெளியிட்டபோதுதான் அதைச் சரி செய்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே இழை பிசகிய சுருதியில் சொக்கிப் போயிருந்தது!

பியானோவும் தையல் ஊசியும்

தட்டின் பின்னட்டையைப் படிப்பது என் பழக்கம். அதில் பெண்கள் பெயரைத் தேடுவேன். அப்படிக் கிடைத்தவர் லில் ஹார்டின். கிங் ஆலிவரின் குழுவில் பியானோ வாசித்த பெண். அதே குழுவில் ஒதுங்கி நின்ற ஆர்ம்ஸ்ட்ராங்கை 1924-இல் மணந்தார். 'நீங்கள் இரண்டாவது ஆளாக இருக்க வேண்டியவர் இல்லை' என்று தூண்டி, தனியாகப் போகச் சொன்னவர் அவர்தான். 1925 முதல் ஆர்ம்ஸ்ட்ராங் தம் பெயரில் வெளியிட்ட 'ஹாட் ஃபைவ்' தட்டுகளில் பியானோவும் அவர்தான். பிற்பாடு மணவாழ்க்கை முறிந்தது. ஆனால் மனுஷி முறியவில்லை. வாசித்தார், மெட்டுப் போட்டார், தையலும் முறையாகக் கற்றுக்கொண்டார். 1971 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங் காலமானார். அடுத்த மாதம் ஷிகாகோவில் அவர் நினைவாக நடந்த கச்சேரியில், பியானோவுக்கு முன்னால் அமர்ந்து வாசிக்கும்போதே லில் சாய்ந்துவிட்டார்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் கதை தைரியம் தரும் கதை. தாயை இழந்த பெண். 1934-இல் பதினேழு வயதில் நியூயார்க் அப்போலோ தியேட்டரில் புதியவர்களுக்கான போட்டிக்கு நடனமாடுவதற்காகப் போனார். முன்னால் ஆடிய சகோதரிகள் பிரமாதமாக ஆடிவிட, இனி ஆடி எடுபடாது என்று அந்த நிமிஷமே மனசை மாற்றிக்கொண்டு பாடினார். முதல் பரிசு! 1960-இல் பெர்லின் கச்சேரியில் 'மாக் த நைஃப்' பாடும்போது நடுவில் வார்த்தைகள் மறந்து போயின. நிறுத்தினாரா? அதுதான் இல்லை! 'வார்த்தை மறந்துவிட்டது' என்பதையே மெட்டில் போட்டுப் பாடித் தள்ளினார். அந்தத் தட்டுக்கு விருதே கிடைத்தது. விருந்தாளி வந்த பிறகு பருப்பு தீர்ந்து போனால் நாம் சமாளிப்பதில்லையா? அந்த மாதிரிதான்!

அப்பாவுக்கு ஒரு பாட்டு

ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவோடு ஃபோனில் பேசுவேன். ஒரு தடவை பேச்சுக்குப் பின்னணியில் ஜான் கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவர் வாசிப்பது சோப்ரானோ சாக்ஸபோன். நேராக நீண்ட குழல். அப்பா பேச்சை நிறுத்திவிட்டு, "யாரும்மா நாயனம் வாசிக்கிறது? கை வேகமா இருக்கே!" என்றார். அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பாட்டு கேட்பது வழக்கமாகிவிட்டது. "ராகம் பிடிபடலை. ஆனா ஆள் ஞானஸ்தன்" என்பார்.

2020 ஜூலையில் அப்பா போய்விட்டார். விமானங்கள் வழக்கம்போல் ஓடாத காலம். நானூறு ஐந்நூறு மைல் என்றால் நடந்தாவது போயிருப்பேன். தம்பி ஃபோனைப் பிடித்துக்கொள்ள, இங்கே நடுராத்திரியில் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்து கடைசிப் பயணத்தைப் பார்த்தேன். கொட்டுச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது.

பல நாள் பிளேயர் பக்கமே போகவில்லை. ஒருநாள் இவர்தான் ஒரு தட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஹொரேஸ் ஸில்வர் என்ற பியானோக்காரரின் 'ஸாங் ஃபார் மை ஃபாதர்'. 1964-இல் பதிவானது. அட்டையில் தொப்பியும் வாயில் சுருட்டுமாக இருப்பவர் அவருடைய சொந்த அப்பா. கேப் வெர்டே தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். "போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு இவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அது அழுகைப் பாட்டே இல்லை! காலால் தாளம் போட வைக்கிற பாட்டு. கேட்கக் கேட்க, அப்பா புறப்பாட்டின் பின்னால் தோளில் துண்டோடு நடந்து போவது தெரிந்தது. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட்டேன்.

நியூ ஆர்லியன்ஸில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரை அடக்கம் செய்யப் போகும்போது பாண்டு வாத்தியக்காரர்கள் மெதுவான பக்திப் பாட்டை வாசித்தபடி நடப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான பாட்டு! பின்னால் வருகிறவர்கள் குடையை விரித்து ஆடிக்கொண்டு வருவார்கள். துக்கம் இல்லாமல் அல்ல. நன்றாக வாழ்ந்தவரை நன்றாக அனுப்ப வேண்டும் என்பதற்காக. நம் ஊரிலும் வயசாகிப் போனவரைக் கொட்டு முழக்கோடுதானே அனுப்புகிறோம்? அடிமைப்பட்டு அவதிப்பட்ட ஜனங்கள் துக்கத்தையும் சந்தோஷத்தையும் ஒரே வாத்தியத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஜாஸ் ஒட்டிக்கொண்டதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த நாட்களில் அடிக்கடி கேட்ட இன்னொரு தட்டு ஆலிஸ் கோல்ட்ரேனுடையது. 1967-இல் ஜான் கோல்ட்ரேன் நாற்பது வயதில் ஈரல் புற்றுநோயில் இறந்தபோது, அவர் மனைவி ஆலிஸுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. நாலு குழந்தைகள். ஒரு பிள்ளைக்கு, சிதார் மேதை ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்திருந்தார்கள். கணவர் ஆசையாக ஏற்பாடு செய்த ஹார்ப் வாத்தியம் அவர் போன பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாம். ஆலிஸ் அதை மூடி வைக்கவில்லை. வாசித்தார். வீட்டிலேயே இருந்த ஸ்டூடியோவில் பதிவு செய்தார். 1971-இல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற அவருடைய தட்டில் தம்புராவின் ரீங்காரம் கேட்கும். அந்தச் சச்சிதானந்தர் யார் தெரியுமா? கோயமுத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த நம் ஊர் சுவாமிஜி!

நீல நிறச் சமையலறை

நியூயார்க் ஃபிளஷிங்கில் 1977-இல் கும்பாபிஷேகமான பிள்ளையார் கோயிலுக்கு இந்தப் பக்கத்துத் தமிழர்கள் அடிக்கடி போவோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கொரோனா என்ற பேட்டை. (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நோய்க்கு வெகு முன்னாலேயே வைத்த பெயர்!) அங்கே 107-ஆம் தெருவில் ஆர்ம்ஸ்ட்ராங் வாழ்ந்த வீடு இருக்கிறது. 2003 முதல் காட்சிசாலை. உலகம் முழுக்கப் பெயர் பெற்றவரின் வீடு பங்களா இல்லை, சாதாரண மனிதர்களின் தெருவில் சாதாரண வீடு. அவர் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போயிருந்தபோது, 1943-இல் மனைவி லூஸில் வாங்கிய வீடு. சமையலறை அலமாரிகள் எல்லாம் பளபளக்கும் நீல நிறம். எனக்கு அங்கிருந்து நகரவே மனசில்லை.

மாடியில் அவருடைய அறை. அவரும் சேர்க்கிறவர்தான்! தட்டுகளை டேப்பில் பதிந்து, அந்த டேப் பெட்டிகளின் மேல் பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து ஒட்டி, நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தார். வீட்டுப் பேச்சுகளையும் பதிந்திருக்கிறார். பார்த்துவிட்டு வெளியே வந்து, "உன்னை மாதிரியே இருக்காரே!" என்றார் இவர்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு

ஊரில் தாத்தா வீட்டுப் பரணில் தட்டுகள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜாஸ் வேண்டாம், எம்.எஸ். அம்மாவோ ராஜரத்தினம் பிள்ளையோ இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்த சில குறிப்புகள்:

தட்டை ஓரத்திலும் நடு லேபிளிலும் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை பட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும்.

புத்தகம் போல நிற்க வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது வளையும். வெயில் படும் ஜன்னல், அடுப்படி, காருக்குள் இவையெல்லாம் ஆகவே ஆகாது.

ஒவ்வொரு தடவையும் மெல்லிய பிரஷ்ஷால், தட்டு சுற்றுகிற திசையிலேயே தூசியைத் தட்டுங்கள். அழுக்கு அதிகமானால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மிருதுவான துணி போதும். லேபிளில் ஈரம் படக் கூடாது. அரக்குத் தட்டுக்கு ஸ்பிரிட் எமன்.

எல்.பி. ஊசியால் பழைய 78 தட்டுகளைப் போடாதீர்கள். அதன் பள்ளம் அகலம். அதற்குத் தனி ஊசி வேண்டும். தேய்ந்த ஊசி நல்ல தட்டையும் உழுது கெடுத்துவிடும்.

சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். காது நமக்கு இரண்டுதான். குழந்தைக்கும் இரண்டுதான்.

ஜாஸ் கேட்டுப் பார்க்க ஆசையா? பிளேயர் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஃபோனிலேயே முதலில் 'டேக் ஃபைவ்' கேட்டு விரல் விட்டு எண்ணுங்கள். அடுத்து எல்லாவும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் பாடிய 'ஸம்மர்டைம்', குழந்தையைத் தூங்க வைக்கும்போது. பிறகு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', வீடு அடங்கின பிறகு, விளக்கைத் தணித்துவிட்டு. பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், உங்களுக்குப் பிடித்த நாயனமோ, வீணையோ, பழைய சினிமாப் பாட்டோ எதுவானாலும் சரி. கையில் கீரை ஆயாமல், மடியில் துணி மடிக்காமல், இருபது நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். அதற்குள் வீடு ஒன்றும் கவிழ்ந்துவிடாது. நான் பதினாலு வருஷத்துக்கு மேலாகப் பார்த்துவிட்டேன். ஒரு நாள்கூடக் கவிழவில்லை!